இடப்பக்கம் மூடும் வால்வு

அக்கா செத்த அன்று அத்தான் வரவில்லை. ஒன்பது வருடமாக வெல்டருக்கு இது நெஞ்சில் ஏறி உட்கார்ந்த கல். கப்பலில் தண்ணீர் ஏறுகிறது என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், அவ்வளவுதான். கட்டினவளைவிட அந்தத் தகர டப்பா பெரிதாகிவிட்டது என்று வெல்டர் பார்த்தவரிடமெல்லாம் சொன்னான்.

அது ஒரு காலத்தில் போர்க்கப்பல். அத்தான் அப்போதே அதில் கரி அள்ளிப் போட்டவர். கப்பலுக்கு வயதானதும் பீரங்கிகளைக் கழற்றி, அந்த இடத்தில் கரும்பலகை மாட்டி, மாலுமிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்ஜின் அறைக்குப் பூட்டு. துறைமுகத்தில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும். மேலே நூறு மாணவர்கள் படித்தார்கள். அடியில் அத்தான் கசிகிற தண்ணீரை பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். பையன்களுக்கு அவர் கீழ்வீட்டுக்காரர். தண்ணி வருதா என்று கேலி செய்வார்கள். நிக்காம வருது, அதான் பயமா இருக்கு என்பார்.

போன வருடம் அத்தான் நுரையீரல் கெட்டுப் படுத்தார். கப்பலையும் உடைக்கக் கொடுத்தார்கள். வெட்டுகிற வேலை வெல்டருக்கு வந்தது. ஆசையாகவே போனான்.

வெட்டுமுன் அடித்தளத்தில் கடல்தண்ணீர் வால்வை இறுக்கி மூடப் போனான். உலகத்து வால்வெல்லாம் வலப்பக்கம் திருப்பினால்தான் மூடும். திருப்பினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பதறிப்போய் இன்னும் வலப்பக்கமே முறுக்கினான். இடுப்பு வரை நனைந்துவிட்டது. கப்பலின் பழைய காவலாளி மேலிருந்து கத்தினார்: "இடப்பக்கம் திருப்புய்யா!"

நின்றது.

போர்க்காலத்தில் அவசரத்துக்கு வேறு கப்பலிலிருந்து பிடுங்கி மாட்டியதாம். பிறகு யாரும் மாற்றவில்லை. அக்கா போன அன்று, அத்தான் வீட்டுக்குப் புறப்பட்டு ஏணிப்படியில் கால் வைத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வேலைக்கு வந்தவன் இதே மாதிரி வலப்பக்கம் முறுக்கினான். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அத்தான் திரும்பி இறங்கிவிட்டார். காவலாளி சொல்லச் சொல்ல வெல்டர் ஈரத்தோடு நின்றான்.

அப்படியே அத்தான் கட்டிலுக்கு வந்தான்.

"ஏன் அத்தான் சொல்லல?"

"சொல்லி? அவ சாவுக்கு வராததுக்கு ஒரு இரும்புத்துண்டு மேல பழி போடச் சொல்றியா?"

வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவன் கையைப் பிடித்தார். ஒன்பது வருடத்தில் கேட்காததைக் கேட்டார். அவனிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

"கேக்க எனக்கு வாய் வரல மச்சான். நீதானே பக்கத்துல இருந்த. அவ எப்படிப் போனா? ஒண்ணுவிடாம சொல்லு."