பெயர் வெட்டிய பாய்லர்

எரியும் கரியில் தண்ணீர் சொட்டி அணையும் வாசனை எங்கே எழுந்தாலும், நான் ஸ்ரீரங்கத்து வீட்டின் செப்பு பாய்லர் முன்னால் போய் நின்றுவிடுகிறேன்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த மாதம் அது. பாய்லரின் நடுக்குழாய் ஓட்டையாகி, உள்ளே இருந்த கரியின்மேல் ஒழுகியது. பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்து நெருப்பு அணையும். அப்பா ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவருவார். மறுநாள் சூட்டிலேயே ஈயம் உருகிவிடும். மூன்று முறையும் அப்படித்தான்.

“புதுசு வாங்க உங்களுக்கு மனசு வராதே!” என்றாள் அம்மா.

பிள்ளைக்குச் சளி பிடித்ததும் பாய்லரைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, பெரிய கடைவீதிப் பாத்திரக்கடைக்குப் போனோம். அதன் வயிற்றில் அம்மாவின் பெயரும், கல்யாணச் சீராக அதைக் கொடுத்துவிட்டுக் காலமாகியிருந்த அவளுடைய அப்பாவின் பெயரும் வெட்டியிருந்தன.

“பழசை என்ன பண்ணுவீங்க?” என்று கடைக்காரரைக் கேட்டாள் அம்மா.

“உருக்குவோங்க. பின்ன, மாலை போட்டா வைப்போம்?”

அம்மாவின் முகம் வாடியது. அதைப் பார்த்த அப்பா, “புதுசுலயும் இந்த ரெண்டு பேரையும் வெட்டுங்க” என்றார்.

“கடையில வெச்சு ரெண்டு பேரை வெட்டச் சொல்றீங்களே, சார்!”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா அவளிடம் மெதுவாகச் சொன்னார்: “இதைக் குடுக்க உனக்கு மனசு வராதேன்னுதான் ஈயம் வெச்சுக்கிட்டே இருந்தேன்.”

புதிய பாய்லரில் உளி டக்டக்கென்று நடந்து முடிந்தது. கிளம்பும்போது அம்மா பழைய பாய்லரின் பெயர்களைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு அதனிடம் சொன்னாள்:

“போயிட்டு வரேம்ப்பா.”