பூடிலுக்குக் கவ்வாத்து

மலிவா கெடைக்கும்ங்க. ஆனா குட்டியாத்தான் வேணும்னு நின்னீங்கன்னா கெடைக்காது. நாய்க்கு முடி வெட்டுறவன்கிட்ட எல்லாரும் கடைசியில கேக்குறது இதத்தான். நல்ல பரம்பரையில வந்த பெரிய பூடில், ஸ்டேண்டர்ட் பூடில்னு சொல்றாங்களே அது, நம்ம கைக்கு எட்டுற வெலையில எங்க இருக்குன்னு. நீங்களும் ஆசப்பட்டு மாட்டிக்கிட்டவங்கதான், ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. முடி கொட்டாத நாயின்னு சொல்லித்தான் எல்லாரும் இத வாங்குறாங்க. கொட்டாத முடி எங்க போகும்? அங்கனயே வளந்து சிக்கு விழும். அந்தச் சிக்க எடுத்துத்தான் நான் சோறு திங்கிறேன்.

மொத வெட்டு

அதுக்கு முந்தி நான் கந்தப்பளப் பக்கம் ஒரு தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனவன். தேயிலச் செடி வயசாகி ஒசந்துட்டா வெட்டி எறக்குவோமே, அந்த வேல. தோட்டத்துக்கு மேல பங்களாவுல ஒரு தொரசாணி இருந்தாங்க. தொர காலமாயிட்டாரு. அவங்க மூணு பெரிய பூடில் வச்சிருந்தாங்க. எப்பவாச்சும் குட்டி போட்டா ஆளப் பாத்துத்தான் குடுப்பாங்க. முடி வெட்ட நுவரெலியாவுலருந்து வந்தவரு வர்றத நிறுத்திட்டாரு. கை நடுங்காத ஆளா ஒருத்தன அனுப்புங்கன்னு, தோட்டத்துல எங்கள வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட கேட்டாங்க. அவரு என்னைய அனுப்புனாரு.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வெட்டு கவ்வாத்து. ரூபின்னு ஒரு கறுப்புப் பொட்ட நாய மேசையில ஏத்தி, முதுக மட்டம் பாத்து ஒரே சீரா வெட்டுனேன். கவ்வாத்துல, செடி மூச்சு விடட்டும்னு ஒரு கொப்ப வெட்டாம விடுவோம். அந்தப் பழக்கத்துல ரூபியோட எடது தோள்ல ஒரு கைப்புடி முடிய அப்புடியே விட்டுட்டேன். தொரசாணி சுத்திச் சுத்திப் பாத்தாங்க. தோட்டத்துத் தமிழ் நல்லாவே பேசுவாங்க. "செல்லையா, வெட்டு நல்லாருக்கு. கொழுந்து எப்ப எடுக்கலாம்?"

தொரசாணி சட்டம்

அப்பறம் அவங்களே படத்த வச்சு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு வருசத்துல கத்திய வச்சுட்டு கத்திரியோட நின்னேன். அவங்ககிட்ட ஒரு சட்டம் உண்டு. வெட்டுற அன்னைக்கு வெட்டி முடியிற வரைக்கும் நாய்க்குச் சாப்பாடு கெடையாது. முடிஞ்சதும் வாசல்ல நின்னு, "ரூபி, வீட்டுக்கு வா"ன்னு ஒரு கொரல் குடுப்பாங்க. அவ மேசையிலருந்து குதிச்சுப் போவா. அதுக்கப்பறந்தான் தட்டு.

ஒரு நாள் எனக்கும் பசி தாங்கல, தேத்தண்ணி கெடைக்குமான்னு கேட்டேன். தொரசாணி கண்ணாடிக்கு மேலால பாத்தாங்க. "ரூபி கேட்டுச்சா?"

தாயக் காணோம்

அஞ்சாறு வருசம் அடுத்தவங்க நாயச் சீவிச் சீவி, எனக்குன்னு ஒண்ணு இருந்தா என்னன்னு ஆச வந்துருச்சு. தொரசாணியோட குட்டி வெலைய ஒரு தடவ கேட்டேன். மறு தடவ கேக்கல. போன்ல ஒரு வெளம்பரம் பாத்து ஹட்டனுக்கு பஸ் ஏறுனேன். பிஸ்கட் பெட்டிக்குள்ள ஒரு குட்டி. சுருட்ட முடிதான், ஆனா காலு ரொம்பக் குட்ட, பூடில் மாதிரியே இல்ல. நல்ல எடத்துல தாயக் காட்டாம குட்டிய விக்க மாட்டாங்க, இத நீங்களும் மனசுல வச்சுக்கோங்க. தாயப் பாக்கணும்னு நின்னேன். வித்தவரு தலையச் சொறிஞ்சாரு. "தாய் இங்க இல்லண்ணே, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கு."

கடுதாசி

திரும்பி வந்து தொரசாணிகிட்ட சொன்னேன். சிரிச்சு முடிச்சுட்டு, ரூபிய எடுத்துக்கிறியான்னு கேட்டாங்க. அவளுக்கு ஏழு வயசு. குட்டி போட்டது போதும்னு ஆப்ரேசன் பண்ணியாச்சு. இந்த மாதிரி ஓய்வு குடுத்த தாய் நாய்ங்களுக்கு நல்ல ஆளுங்க குட்டி வெலையில கால்வாசிகூடக் கேக்க மாட்டாங்க, நல்ல வீடுதான் கேப்பாங்க. ஒரே ஒரு நிபந்தன போட்டாங்க: மூணு நாள் பாக்கணும், அவ சாப்புடலன்னா திருப்பிக் கொண்டாந்துறணும்.

இடுப்பு எக்ஸ்ரே, கண்ணு பாத்த சீட்டு, பரம்பர எழுதுன கடுதாசி எல்லாம் குடுத்தாங்க. ராத்திரி வகுப்புல படிச்ச இங்கிலீஷ வச்சு எழுத்துக் கூட்டி வாசிச்சேன். ரூபியோட பாட்டன், பூட்டன், பூட்டனுக்கும் அப்பன் பேரு வரைக்கும் இருந்துச்சு. எனக்கு என் பூட்டன் பேரு தெரியாது. எங்க லயத்து வரிச வீட்டுல பக்கத்து வீட்டு ராசு அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணே, நம்ம லயத்துலயே கடுதாசி ஒழுங்கா இருக்குற ஆளு இவ ஒருத்திதான்."

பெஞ்சு

என் சம்சாரம் பார்வதிக்கு இதுல இஷ்டமில்ல. ரெண்டு அறையில நாம இருக்குறதே நெருக்கம்னு சொன்னா. மொத நாள் ரூபி சாப்புடல. ரெண்டாம் நாளும் தண்ணி மட்டுந்தான். கோழி அவிச்சு வச்சேன், மோந்துகூடப் பாக்கல. நான் உள்ள வந்தாப் போதும், சொவத்தோரம் இருந்த பெஞ்சுல ஏறி அசையாம நின்னுக்கிட்டு முன்னங்கால நீட்டுவா. பாசத்துல செய்றான்னு நெனச்சேன். மூணாம் நாள் பின்னேரம் திருப்பிக் கொண்டுபோகக் கயித்த எடுத்துட்டேன். பார்வதி என் மொகத்தப் பாக்கக் கூடாதுன்னு வெளியில பாத்துக்கிட்டு நின்னேன்.

பார்வதி அப்பத்தான் மலையிலருந்து எறங்கி வந்தவ. பெஞ்சையும் பாத்தா, என்னையும் பாத்தா. "நீங்க முடி வெட்ட வந்த ஆளு. அவ வேல முடியட்டும்னு நிக்கிறா. வெட்டி முடிங்க."

ஆறு வருசம் இந்த மொகத்தப் பாத்தா பட்டினின்னு அவளுக்குப் பழக்கிவிட்டது நான்தான். வெட்ட முடி இல்ல, போன வாரந்தான் வெட்டுனது. சும்மா சீப்பப் போட்டு, கத்திரிய காத்துல நாலு தடவ சத்தம் பண்ணி, காலு நாலையும் தொட்டு முடிச்சேன். பார்வதி சொல்லாமயே வாசல்ல போய் நின்னா. "ரூபி, வீட்டுக்கு வா."

குதிச்சா. தட்டு காலியாகுற வரைக்கும் தலையத் தூக்கல. பார்வதி கொழுந்துக் கூடைய எறக்கி வச்சுட்டுச் சொன்னா: "மஸ்கெலியாவுலருந்து ஒங்களக் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு என்னையும் யாரும் வீட்டுக்கு வான்னு கூப்புடல. நானுந்தான் ரெண்டு நாள் சாப்புடல."

அதனால குட்டி தேடி அலையாதீங்க. நல்லா வளக்குறவங்களப் பாத்து, ஓய்வு குடுக்குற தாய் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டு வைங்க. கெடைச்சதும் அவ எதுக்குக் காத்துக்கிட்டிருக்கான்னு ஒங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க. இன்னும் ஒண்ணு சொல்லணும், காது முடிய…

"ஏங்க, வீட்டுக்கு வாங்க, சோறு ஆறுது."

கூப்புட்டது என்னையத்தான்னு நெனைக்கிறேன், ஆனா ரூபி எனக்கு முன்னாலயே போயிட்டா, நானும் போறேன்.