கரைய வேண்டிய சிலை

ருக்மணியின் படத்திறப்பு நாளில் தோட்டத்தில் இருந்தவர்கள் பேரை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. ருக்மணியின் மகன் பிரபு, அவன் பெண்டாட்டி சுகன்யா. என் வீட்டுக்காரர், அவருக்குக் காது கேட்காது, விட்டுவிடலாம். என் தங்கை கமலா. வந்தாள், சாப்பிடாமல் போனாள், அதை அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். கொத்தனார் மாரிமுத்து. ருக்மணியோடு கோயமுத்தூரில் சனி, ஞாயிறு வகுப்பில் போட்டோப் பிடிப்பும் வெளியில் வைக்கிற சிலை வேலையும் படித்த நீங்கள் மூன்று பேர்: அப்சல், தேன்மொழி, பவானியிலிருந்து வரும் கிருஷ்ணன். உங்களுக்குப் பாடம் எடுத்த வேதமூர்த்தி சார். கடைசியாக நான், ராமாத்தாள். ருக்மணி என் கொழுந்தனார் மனைவி.

வகுப்பு மலருக்கு எழுதித் தரச் சொல்லித் தேன்மொழி கேட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேத்தி திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். திருத்துகிற சாக்கில் கோபத்தை எடுத்துவிடுவாள்.

சேதி வந்தபோது மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். பிரபு வரப்பு மேலே ஓடி வந்தான். நாற்பது வயசுக்காரன் செருப்பில்லாமல் ஓடி வந்தால் என்ன சேதி என்று கேட்க வேண்டியதில்லை. ருக்மணிக்கு அறுபத்தியொன்று. இருதயம். டாக்டர் முன்னாடியே எச்சரித்திருந்தார். அவள் சாவுக்கு நான் யார் மேலேயும் பழி போடவில்லை. என் கோபம் அவள் சாவதற்கு முன்னால் நடந்ததைப் பற்றியது.

நானும் ருக்மணியும் எட்டு வருசம் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். என் சின்ன மகள் கல்யாணப் பத்திரிகையில் ருக்மணியின் அப்பா பேர் விட்டுப்போயிற்று. அச்சுக்காரன் தப்பு என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமல் இருந்தது சரிதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடுதான். எட்டு வருசமும் அந்தக் காட்டைச் சுற்றித்தான் போனோம். ஒருநாள் பொழுதோடு துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்றாள், கழுத்தில் வகுப்புக்கென்று வாங்கின கேமரா.

"ஏனுங்க்கா, கொஞ்சம் இக்கட்ட, வெயில் பக்கமாத் திரும்பி நில்லுங்க. வெளிச்சம் கன்னத்துல உழுகோணும்."

"எட்டு வருசங் கழிச்சுப் பேசற பேச்சாடி இது?"

"சண்டைய அப்பறமாப் போட்டுக்கலாமுங்க. வெளிச்சம் போயிருச்சுன்னா வராது."

திரும்பி நின்றேன். என்னத்தைச் செய்வது? அந்தப் படத்தில் என் முகச் சுருக்கம் ஒன்று விடாமல் இருக்கிறது. கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொன்னதற்கு, "மொகம் உங்களுது, நான் எதுக்குங்க அழிக்கோணும்?" என்று கேட்டாள். சண்டையை இன்றைக்கு வரைக்கும் போடவில்லை.

கொழுந்தனார் காலமான அடுத்த வருசம் அவள் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். அன்னூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போவாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. "பேரன் படிக்கற வயசுல நீ பையைத் தூக்கிட்டுப் போறியே" என்றதற்கு, "சனிக்கிழமை அவனுக்கும் எனக்கும் ஒரே பஸ்ஸுதானுங்க்கா, அவன்தான் என்னைத் தெரியாத மாதிரி ஏறிக்கறான்" என்றாள்.

வைகாசியில் சிலை வேலையை ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான மேட்டில், ரோட்டைப் பார்த்த இடம். குளத்து மண்ணை வைக்கோல் போட்டு மிதித்து, மூங்கில் பத்தையைக் கட்டி, அதன் மேல் அப்பினாள். ஆள் உயரத்தில் ஒரு பொம்பளை, முழங்கால் மேல் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சாமியா, யாராவது தலைவியா என்று மினி பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"யாருடி இது?" என்று கேட்டேன்.

"யாருமில்லீங்க்கா. சும்மா உக்காந்திருக்கற ஒரு பொம்பளை. நம்மூர்ல நீங்க பாத்திருக்கறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.

அந்தச் சிலையை அவள் சுடவில்லை, பூசவில்லை, மேலே ஓலைகூடப் போடவில்லை. மழையில் அது கரைய வேண்டும். கரைகிறதைத் தினமும் ஒரே இடத்தில் நின்று, காலை ஏழு மணிக்கு, ஒரே உயரத்தில் படம் பிடிக்க வேண்டும். முழுக்கக் கரைந்து தரையோடு தரையாகிற வரைக்கும். சிலை பாதி, படம் பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் அவள் வேலை. கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மூன்று செங்கல் பதித்தாள். மாடு தட்டிவிட்டால் திரும்பவும் அளந்து பதிப்பாள். இதை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னதும், வேதமூர்த்தி சார் நல்ல யோசனை, முழுசாக முடியுங்கள் என்று சொன்னாராம். அன்றைக்கு அவள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்த நடையே வேறு.

விவசாயக் குடும்பத்தில் மழை வரட்டும் என்று எல்லாரும்தான் வேண்டுவோம். தான் செய்ததைக் கரைக்க வரட்டும் என்று வேண்டினவள் அவள் ஒருத்திதான். ஆடியில் காற்றுத்தான் அடித்தது. புரட்டாசியில் ஒரு காலை நேரம் நல்ல மழை. "அக்கா, குடைய எடுத்துட்டு ஓடியாங்க" என்று சத்தம். ஓடினேன். குடை எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துத் தலையை உள்ளே நீட்டினேன். "கேமரா நனையுதுங்க்கா" என்று என்னை வெளியே தள்ளிவிட்டாள். தொப்பலாக நின்றபடி கேட்டேன், ஒரே மழையை எதற்கு இத்தனை தடவை பிடிக்கிறாய் என்று.

"இந்தக் கேமராவுக்குள்ள ஒரு கதவு இருக்குதுங்க. சட்டுன்னு சாத்துனா துளி முத்து முத்தா நிக்கும். மெல்லச் சாத்துனா நூல் நூலா எறங்கும்."

"உனக்கு எது வேணும்?"

"ரெண்டும் வேணுமுங்க. இத்தனை வருசம் ஒண்ணுமே கேக்கலையே நானு."

அன்றைக்குத்தான் சிலையின் மூக்கு விழுந்தது. "மூக்கு போச்சுங்க்கா, மூக்கு போச்சு!" என்று கத்தினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

அந்த வாரமே மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள். கூட இருந்தது நான். அங்கே படுத்துக்கொண்டும் மழை வந்ததா, தோள் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். காலை ஏழு மணிக்குப் படம் எடுக்கும் வேலையை மருமகள் சுகன்யாவிடம் கொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளை முதல் நான்கு நாள் எடுத்தது. அப்புறம் நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்தியது என்று வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரபு கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். அம்மா செய்த சிலை கண்ணெதிரே கரைவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. நான்கு கம்பம் நட்டுத் தகரம் போட்டுவிட்டான். மாரிமுத்துவை விட்டுச் சிலை முழுக்கச் சிமெண்டு பூசிவிட்டான். மாரிமுத்து கோயில் கோபுர வேலையும் தெரிந்தவர். புதுசாக ஒரு மூக்கு வைத்தார். மூக்கு வைத்த கை சும்மா இருக்குமா, மூக்குத்தியும் வைத்தார். கண்ணுக்கு மை, சேலைக்குப் பச்சை எனாமல். அம்மா பார்த்ததும் ஆச்சரியப்படட்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

காரிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். பிரபு சிரித்த முகமாகத் தகரத்துக்கு அடியில் நின்றிருந்தான். ருக்மணி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாருங்க்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

மகனிடம், "நல்லாருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். இப்போதே உடைக்கச் சொல்கிறேன் என்று நான் எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்தாள். "ஆசையாச் செஞ்சுபோட்டானுங்க. உடுங்க. ஆனா சாருக்குத் தெரிஞ்சாத் தாங்கமாட்டாரு. அவருகிட்ட நாந்தான் சொல்லோணும்."

அவள் கடைசி நாட்கள் அதிலேயே போயின. கட்டிலில் உட்கார்ந்து சாரிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். "சார், தப்பு நடந்துபோச்சுங்க. அடுத்த வைகாசிக்கு மறுக்காச் செஞ்சுபோடறேனுங்க. என்னை வகுப்புல இருந்து எடுத்துப்போடாதீங்க." மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. நான்கு தடவை போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. "வேலையா இருப்பாருங்க்கா" என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஐந்து நாள்தான் இருந்தாள்.

படத்திறப்பு அன்று அந்தத் தகரத்துக்கு அடியில்தான் நாற்காலி போட்டார்கள். ஸ்டுடியோக்காரன் படத்தில் அவள் முகத்தை மாவு மாதிரி வெளுக்க வைத்திருந்தான். அவள் எடுத்த படம் ஒன்றுகூட அங்கே இல்லை. வேதமூர்த்தி சார் படத்தைத் திறந்து வைத்துப் பேசினார். தாயின் கலையை அழியாமல் காத்த மகன் என்றார். எதிர்காலத்தில் மாணவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார். பிரபு பொன்னாடை போர்த்தினான், குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் பிரபுவைத் தனியாக இழுத்தேன். "உங்கம்மா எதுக்கு அதை மழையில உட்டான்னு உனக்குத் தெரியாதாடா?"

"சொன்னாங்க பெரியம்மா, எனக்குத்தான் புரியல. அதனாலதானுங்க பூசறதுக்கு முன்னாடி சாருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தாராளமாப் பூசுங்க, நெரந்தரமா நிக்கும்னாரு."

நேராகப் போனேன். சார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மூவரும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

"ஏனுங் சார், அவ மழைக்குன்னு வச்சது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்கம்மா. பயிற்சிக்குச் செஞ்சதுதானுங்களே. வீட்ல சந்தோசப்பட்டாச் சரின்னு விட்டுட்டேன்."

"முழுசா முடிங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எல்லாருக்கும் அப்படிச் சொல்றதுதானுங்க. அந்த வயசுல வர்றவங்க பொழுது போகோணும்னு வர்றாங்க. ஒரு ஊக்கம் குடுக்கறது."

"நாலு தடவை உங்களுக்குப் போன் போட்டா."

"பாத்தேனுங்கம்மா. அவசரமா எதுவும் இருக்காதுன்னு..."

தேன்மொழி, நீ டம்ளரை மேசையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்சல், நீ தலை குனிந்ததையும் பார்த்தேன். அவர் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் மாரிமுத்து உளியோடு வந்தார். "நானே கழட்டித் தாரேனுங்கம்மா" என்றார். பிரபு தகரத்தைப் பிரித்தான். சிமெண்டு ஓடு கழன்றது, ஆனால் மண்ணைப் பிடித்துக்கொண்டே கழன்றது. முகம் முழுக்க அதோடு போயிற்று. மழை மெல்ல மெல்ல எடுக்க வேண்டியதை உளி ஒரே நாளில் எடுத்துவிட்டது. பிரபு அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். நானும் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஐப்பசி. நல்ல மழை. முகமில்லாத அந்தப் பொம்பளை இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாள், வலது கை இறங்கிவிட்டது. அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அவள் கேமரா. அதோடு காலை ஏழு மணி. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தேன்மொழி போனில் சொல்லிக் கொடுத்தது. சட்டென்று சாத்தி ஒன்று, மெல்லச் சாத்தி ஒன்று, தினம் இரண்டு எடுக்கிறேன். பாதிப் படத்தில் என் விரல் இருக்கிறது. தரையோடு தரையாகிற அன்றைக்கு நிறுத்துவேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் எடுத்ததையும் நான் எடுத்ததையும் வரிசையாக உங்கள் வகுப்புச் சுவரில் மாட்டுவதாகச் சொன்னீர்கள். மாட்டுங்கள். கீழே மாணவி ருக்மணி என்று போடுங்கள். திறந்து வைக்க யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். மூக்குத்தி வைத்த மாரிமுத்துவைக்கூடக் கூப்பிடுங்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன். பிரபு மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. அவன் தெரியாததால் கேட்டான். தெரிந்து வைத்திருந்தவர் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த எழுத்து அவர் கைக்கும் போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் பேரைச் சுற்றி வளைக்காமல் போட்டுவிடுகிறேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் நான் மன்னிக்காத ஆள், வேதமூர்த்தி.