கச்சானுக்கு அடைத்த கதவு

கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன சீமெந்துத் தரைக்கு, இனி எண்ணெய் இறங்காதபடி பெயின்ட் அடிக்க நினைத்தேன். மூன்று நாள் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்ததிலேயே இடுப்பு விட்டுப்போனது. பெயின்ட் அடிக்கும் நாளில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. ஈரத்தில் புழுதி ஒட்டினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்தேன்.

பாதி அடித்தபோது தலை கனத்தது. மூன்று நாள் களைப்பு என்று நினைத்துத் தொடர்ந்தேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

“அல்லாஹ்வே, மூச்செடுக்க ஏலாம கிடக்கு! வெளிய வாங்க!”

“இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு” என்று எழும்பிய நான் அப்படியே சாய்ந்தேன். அவள்தான் இழுத்து வந்து வாசலில் கிடத்தினாள். வாந்தி எடுத்துத் தெளிந்த பிறகுதான், எல்லாம் பெயின்ட் நெடி செய்த வேலை என்று விளங்கியது.

மீதியை மறுநாள் கதவைத் திறந்துவைத்தே அடித்தேன். அந்தப் பகுதி புழுதி ஒட்டிச் சொரசொரப்பாகக் கிடக்கிறது, கிடக்கட்டும். இப்போது வேலைக்கிடையில் களைத்தால் முதலில் வெளியே வந்து நிற்கிறேன். காற்று வாங்கியும் போகாவிட்டால்தான் அதைக் களைப்பு என்று நம்புகிறேன்.