ரூபி அக்கா எழுதாத பதினோரு பக்கங்கள்

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலுக்குக் குனிவதே ஒரு சாகசம்தான். அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம் கையில் வந்தது. புரட்டியதும் அந்த மக்கிய தாள் வாசனை. பெயரைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ‘மூணாவது பெஞ்ச் மாலதி’. கடைசிப் பதினோரு பக்கங்களைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அவை நான் எழுதியவை. அட்டையில் இருந்ததோ ரூபி அக்காவின் பெயர்.

எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் எனக்கு புரூஃப் பார்க்கும் வேலை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனையோடு வீட்டுக்குப் போவேன், பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் அதைக் கவிஞனுக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம், கவிதையும் எழுதினேன். நல்லவேளையாக எதுவும் அச்சாகவில்லை.

அச்சக முதலாளியே ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். அதில்தான் ரூபி அக்கா தொடர்கதை எழுதினார். அனகாபுத்தூரில் வீடு, டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. டியூட்டி முடிந்து கதையைக் கொண்டுவந்து கொடுப்பார். படிப்பவர்கள் எல்லாம் எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்குமான பெண்கள். அந்த வயசுக்கென்று அப்போது யார் எழுதினார்கள்? குழந்தைக்கு அம்புலி காட்டும் கதை இருந்தது, இல்லாவிட்டால் நேராகக் கல்யாணக் கதை. நடுவில் இருந்த பெண்களுக்கு ரூபி அக்காதான் இருந்தார்.

மாலதி பத்தாவது படிக்கிறவள். டியூஷன் சார் அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறார். அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா வாயை மூடச் சொல்கிறாள். கடைசி அத்தியாயத்தில், பள்ளிக்கூடப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் நின்று மாலதி அந்த சாரின் பெயரைச் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. அது வெளிவந்ததும் ரகளையாகிவிட்டது. பொண்ணுங்களைக் கெடுக்கிறாள் என்று கடிதங்கள். டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் நாலு பேரோடு வந்து பத்திரிகையை மேஜைமேல் வீசிவிட்டுப் போனார். கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

புத்தகமாகப் போடும்போது முடிவை மாற்றச் சொன்னார் முதலாளி. ரூபி அக்கா, “அது நடந்த மாதிரிதான் இருக்கும் சார், மாத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “இன்னாபா, நீயும் எழுதறவன்தானே? அந்தப் பொண்ணு தப்பா நெனச்சிகினு சொல்லிட்டா, சார் நல்லவருன்னு முடிச்சிடு. இதுல இன்னா பேஜார் கீது?”

எழுதறவன் என்று என்னை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: சந்தோஷமாக எழுதினேன். மாலதி அழுதுகொண்டே சாரின் காலில் விழுந்து, தான் சொன்னது பொய் என்கிறாள். ரூபி அக்காவின் நடையை அச்சு அசலாகப் பிடித்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

புத்தகம் வந்து ஒரு மாதம் கழித்து ரூபி அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நீங்களா?”

“முதலாளி சொன்னாருக்கா...”

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. என்னை மாதிரியே இருக்கு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல.”

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். குரோம்பேட்டையிலிருந்து ஒரு ஒன்பதாவது வகுப்புப் பெண், கோடு போட்ட தாளில் எழுதியிருந்தாள். ‘அக்கா, தொடர்கதையைப் படித்துவிட்டுத்தான் நான் எங்கள் அம்மாவிடம் சொன்னேன். இப்போது அம்மா புத்தகத்தைப் படித்துவிட்டு, நீயும் அவளை மாதிரிப் பொய்தானே சொன்னே என்கிறார்கள். மாலதி நிஜமாகவே பொய் சொன்னாளா?’

“பதில் நீங்களே எழுதுங்க,” என்றார் ரூபி அக்கா. “முடிவு உங்களோடதுதானே.”

எழுதவில்லை. இல்லை, ஏழெட்டுக் கார்டு எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். ‘மாலதி பொய் சொல்லவில்லை’ என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு எனக்குத் துப்பில்லை.

ரூபி அக்கா அதற்குப் பிறகு கதையே எழுதவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கு ஒரு டிரங்க் கால் புக் செய்தபோது ஆபரேட்டராக அவர் குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னதும் நம்பரை இன்னொரு தடவை கேட்டார். பிறகு, “தஞ்சாவூர் லைன்ல இருக்காங்க, பேசுங்க” என்றார். நான் அக்கா என்று கூப்பிடுவதற்குள் மறுமுனையில் என் மாமா ஹலோ ஹலோ என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அவர் இல்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகளை அடையாற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டதாக அவர் தங்கை சொன்னார். அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. மாலதி பிரேயரில் நிமிர்ந்து நின்ற அந்த மாத இதழ், நான் தேடிய எந்த நூலகத்திலும் இல்லை. கிடைப்பதெல்லாம் என் முடிவுதான்.

அந்தப் பெண்ணின் கடிதத்தை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தேன். சேலையூருக்கு வீடு மாறியபோது எங்கோ தவறிவிட்டது. அவளுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயர் நினைவிருக்கிறது, கையெழுத்துகூட நினைவிருக்கிறது. விலாசம்தான் இல்லை.