ஆறாவது கட்டம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை மூச்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்று, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு அவளுக்குத் தெரியும்; முகம்தான் தெரியாது. கடைத்தெருவில் யாராவது சிரித்து வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள்.

வேலையை விட்டு ஆறாம் வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, அவளுடைய இடுப்பு எலும்பே முறிந்தது. அதைப் படம் எடுத்தவன் அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் படத்தைப் பார்த்ததும், "கோணலா எடுத்திருக்கான்" என்று திட்டினாள். அந்தத் திட்டோடு சரி. அதற்குப் பிறகு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்வான். பின்னாலிருந்து அவன் மனைவி, "நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்பாள். விசாரிப்பு அத்துடன் முடியும்.

கோயிலுக்குப் போக முடியாததால் கோயிலே அவளைத் தேடி வந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் ஒரு அம்மாள், சின்னச் சிமிழில் நற்கருணை அப்பம் கொண்டுவந்து கொடுப்பாள். பங்குக் கோயிலின் சாரணப் பிள்ளைகளுக்கும் அவள்தான் தலைவி. வரிசையில் நிற்பவரை அதட்டி அதட்டிப் பழகியவள். பிள்ளைகளையும் அப்படியே அதட்டுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள், "அக்கா, என் பொண்ணுங்கள்ல ஒருத்திய உங்ககிட்ட அனுப்புறேன். விசுவாசப் பதக்கத்துக்குப் படிக்கிறா. நோயாளி ஒருத்தரை ஆறு தடவ போய்ப் பார்க்கணும்" என்றாள்.

"நான் என்ன மிருகக்காட்சி சாலையா?" என்று மூச்சம்மா கேட்டாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். பதினாலு வயது, மடிப்புக் கலையாத சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் பச்சை அட்டை போட்ட கையேடு.

"வணக்கம் பாட்டி."

"யாருக்குப் பாட்டி? நான் கல்யாணமே பண்ணிக்கல."

"சாரி ஆன்ட்டி."

"ஆன்ட்டி எல்லாம் என் தம்பி பொண்டாட்டியைக் கூப்பிடு, சந்தோஷப்படுவா."

கடைசியில் அத்தை என்று முடிவாயிற்று. பெண் கையேட்டைப் பிரித்துக் காட்டினாள். 'இரக்கச் செயல்' என்ற தலைப்பின் கீழ் ஆறு கட்டங்கள். ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டு, அவரோடு ஒரு ஜெபம் சொல்லி, அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். இரண்டு வாரம் அப்படித்தான் போயிற்று. பெண் கேள்வியைக் கடனே என்று படிப்பாள், மூச்சம்மா ஏதோ சொல்வாள், பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். நாலே முக்காலுக்குப் படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போகும். பிறகு அடுத்த சனிக்கிழமை வரை அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் பேசும்.

மூச்சம்மாவுக்கு அந்தக் கடிகாரப் பார்வை பொறுக்கவில்லை. மூன்றாம் வாரக் கேள்வி, "கடவுள் செயல்படுவதை உங்கள் வாழ்வில் எப்போது கண்டீர்கள்?" அப்போதுதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒருத்தரோட நுரையீரல்ல இருந்த நிழல் ஒரே வாரத்துல காணாமப் போச்சு. நான்தான் ரெண்டு படமும் எடுத்தேன்" என்றாள்.

பெண் கடிகாரத்திலிருந்து கண்ணைத் திருப்பினாள்.

ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் இருமலோடு வந்தார். படத்தில் வலது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டியின் நிழல். அவர் மனைவி ஏழு நாள் உபவாசமிருந்து ஜெபித்தாள். மறு வாரம் எடுத்த படம் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. பெரிய டாக்டரே இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். வார்டே அழுதது.

"நீங்களும் அழுதீங்களா அத்தை?"

"அழுதேன்" என்றாள் மூச்சம்மா. அது உண்மைதான்.

அன்றைக்குப் பெண் ஐந்தரை வரை இருந்தாள். அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்கே வந்தாள், நிழல் எப்படி இருந்தது என்று வரைந்து காட்டச் சொன்னாள். ஐந்தாம் வாரம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் எழுந்து போகாமல், ஸ்கார்ஃப் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே இல்ல. அம்மா சொன்னாங்கன்னுதான் இந்தப் பதக்கத்துக்கே சேர்ந்தேன். ஜெபம் சொல்றப்பக்கூட சும்மா வாயசைப்பேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நிஜமாவே சொல்றேன்."

மூச்சம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெண் போன பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு பொய்யை இவ்வளவு நல்ல பிள்ளையின் தலையில் கட்டியிருக்க வேண்டாம். ஒரு மணி நேரத் துணைக்கு ஆசைப்பட்டு இந்த வேலையைச் செய்தோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆறாம் வாரம் பெண் கோடு போட்ட தாளில் எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். 'நான் சந்தித்த சாட்சி' என்று தலைப்பு. பதக்கம் கொடுக்கும் ஞாயிறு பூசையில் அதை அவளே எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறாளாம். இப்போது முதலில் அத்தைக்கு வாசித்துக் காட்டினாள். ரொட்டிக் கடை, இருமல், உபவாசம், நிழல். ஒரு வார்த்தை விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு, கையேட்டின் ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தாள். அதன் மேல் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இங்கே எழுதப்பட்டவை உண்மை.'

மூச்சம்மா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

"அந்த நிழல் அவரோடது இல்ல" என்றாள்.

பெண்ணுக்குப் புரியவில்லை.

"அன்னைக்குக் காலைல ரெண்டு பேருக்குப் படம் எடுத்தேன். ரொட்டிக் கடைக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருத்தர். படத்து ஓரத்துல நம்பர் விழணும்னு ஈயத்துல எண் வைப்போம். அதை நான் மாத்தி வச்சிட்டேன். வாட்ச்மேனோட நிழல் ரொட்டிக் கடைக்காரர் பேர்ல போயிடுச்சு. வாட்ச்மேனை ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறு வாரம் இவருக்கு எடுத்தா சுத்தமாத்தானே இருக்கும்? ஆரம்பத்துலேருந்தே இவருக்கு ஒண்ணும் இல்லயே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாட்ச்மேன் சட்டையைக் கழட்டும்போது சொன்னார், சைக்கிள்லேருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிஞ்சு ஒட்டினதுன்னு. எல்லாரும் அழுதுட்டுப் போனப்புறம் நிழல் இருந்த படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்த எலும்புல பழைய முறிவு இருந்துச்சு."

"அப்பவே சொல்லலயா?"

"பெரிய டாக்டர் அற்புதம்னு சொல்லிட்டார். சாமியார் வந்து நன்றி ஜெபம் சொல்லிட்டார். என் வேலை போயிடுமேன்னு பயம். உடம்புக்கு முடியலன்னா வாட்ச்மேனே திரும்பி வருவார்னு நினைச்சேன்."

"வந்தாரா?"

"ஏழு மாசம் கழிச்சு வந்தார். நான்தான் எடுத்தேன். மூச்சைப் பிடிங்கன்னு சொன்னேன். அவரால பிடிக்க முடியல."

பெண் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "இறந்துட்டாரா?" என்றாள். மூச்சம்மா தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் எத்தனையோ முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கறி சாப்பிட்டேன். வாட்ச்மேனை மட்டும் சொன்னதில்லை. சொல்லாமலேதான் மாதா மாதம் நற்கருணையும் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நாக்கு முதல்முதலாக உண்மையைச் சொன்னது பதினாலு வயதுப் பெண்ணிடம்.

"வேணும்னா இப்ப சொன்னதை எழுதிக்கோ. கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

"எழுதினா கோயில்ல வாசிக்கணும் அத்தை."

வாசி என்று சொல்ல மூச்சம்மாவுக்கு நாக்கு எழவில்லை. வாசிக்காதே என்று சொல்லவும் முகம் இல்லை. பெண் கோடு போட்ட தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"அவர் பேர் என்ன? வாட்ச்மேன்?"

மூச்சம்மா பேரைச் சொன்னாள். அவள் தினமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பேர்தான். பெண் எழுந்து நின்று, இறந்தவர்களுக்குச் சொல்லும் சின்ன ஜெபத்தை அந்தப் பேரோடு சேர்த்துச் சொன்னாள். நிஜமாகச் சொன்னாளா, வாயசைத்தாளா என்று மூச்சம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கேட்கத் தைரியமும் இல்லை. படிக்கட்டில் அன்றைக்குத் தடதட சத்தம் கேட்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பதக்க ஞாயிறன்று தூரத்தில் பிள்ளைகளின் அணிவகுப்பு முரசு கேட்டது. மூச்சம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனாள். அங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸ் அம்மாள் வந்தாள். படி ஏறிய மூச்சிரைப்போடு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க எதுவும் மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு உங்களை ஏமாத்திட்டா. ஆறாவது கட்டம் காலியா இருக்கு. ஏன்னு கேட்டா, நான் போகல, சினிமாவுக்குப் போயிட்டேன்னு கூசாம சொல்றா. எழுதினதைக் காட்டுன்னா கிழிச்சுப் போட்டுட்டேங்கிறா."

மூச்சம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரணர் சட்டத்துல முதல் வரியே நம்பத்தகுந்தவரா இருக்கணுங்கிறதுதான். தனியா படுத்துக் கிடக்கிற மனுஷிய ஏமாத்தினவளுக்கு ஸ்கார்ஃப் எதுக்கு? எல்லார் முன்னாடியும் அதைக் கழட்ட வச்சேன். அவங்கம்மா அழுதாங்க. இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அழுத்தக்காரி."

சொல்லிக்கொண்டே அவள் கைப்பையைத் திறந்தாள். சிமிழுக்குப் பக்கத்தில் ஸ்கார்ஃப் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருகித் திருகிச் சுருண்டுபோன நுனி வெளியே தெரிந்தது. பதக்கத்துக்காக ஒரு பொய்யில் கையெழுத்து வாங்க மாட்டேன் என்று போனவள், அத்தைக்காக ஊர் முன்னால் நின்று ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்பது மூச்சம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தபால் ஆபீஸ் அம்மாள் மேஜை மேல் வெள்ளைத் துணியை விரித்து, மெழுகுவர்த்தியை ஏற்றி, சிமிழைத் திறக்கப் போனாள்.

"அதை மூடி வச்சிடுங்க" என்றாள் மூச்சம்மா.

"ஏன்க்கா? உடம்புக்கு முடியலயா?"

"அவ வந்தா. ஆறு தடவையும் வந்தா."

"வந்தாளா? அப்புறம் ஏன் கையெழுத்து இல்ல?"

மூச்சம்மா ஒரு தரம் மூச்சை நன்றாக இழுத்தாள். பிடித்து வைத்துக்கொள்ளாமல் விட்டாள்.

"உக்காருங்க, சொல்றேன். அது ஒரு திங்கட்கிழமை. ரெண்டு பேர் படம் எடுக்க வந்திருந்தாங்க."