மேசையில் கிடந்த ஸ்பானர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வடக்கே ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். குழாய்க்குள் வாயுவை அடைத்து, மின்சாரம் பாய்ச்சி, எதிரியின் விமானத்தைப் பொசுக்குகிற லேசர் கதிரைச் செய்ய வேண்டும், அதுதான் வேலை. விமானமாவது மண்ணாவது! நான் இருந்தவரை நாங்கள் சுட்டதெல்லாம் செங்கல். கதிர் கண்ணுக்குத் தெரியாது, செங்கல் சிவந்தால்தான் வந்துவிட்டதென்று தெரியும். வெளியே எதையும் சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம்.

நான் தென்காசி. கூட வேலை பார்த்தவன் பக்கத்து ஊர், ஆய்க்குடிக்காரன். அத்தனை இந்திக்கு நடுவே எங்கள் பேச்சுப் பேச அவன் ஒருத்தன்தான். ஒருநாள் திருகுகளைச் சரிசெய்துவிட்டு, பளபளவென்றிருந்த ஸ்பானரைக் கதிர் போகும் மேசையிலேயே மறந்துவிட்டேன். மேசையில் எதுவுமில்லை என்று சத்தம் போட்டுச் சொன்னவனும் நான்தான். அதை நம்பி, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவன் சுவிட்சைப் போட்டான். கதிர் ஸ்பானரில் பட்டுத் திரும்பி அவன் இடது கண்ணில் விழுந்தது. குழம்பில் வெந்த மீன் கண்போல அது வெளுத்துப்போனது. விசாரணையில் அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. விபத்து என்று எழுதி மூடினார்கள்.

அடுத்த குற்றாலச் சாரல் சீசனுக்கு இருவரும் லீவில் ஊருக்கு வந்தோம். அவனுக்குத் தென்காசியில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் அவனைப் பிடித்துவிட்டது, கண் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பயல் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு திரிந்தான். பெண்ணின் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க கூட வேலை பாக்கீய. அந்தக் கண்ணு எப்படிப் போச்சு? குடியா, அடிதடியா? எதுன்னாலும் சொல்லிருங்க. பிள்ளையக் குடுக்கப் போறோம்லா."

அவன் தங்கமானவன், குடிக்கமாட்டான் என்றேன். அப்புறம் எப்படி என்றார்.

"அது ஆபீஸ் ரகசியம் அண்ணாச்சி. சொல்லக் கூடாது."

அவர் பாதிக் காப்பியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டாம் நாள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆய்க்குடிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் அவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்தருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கும்போது, கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, நான் என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தேன். வெட்கங்கெட்டவன் நான். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். அவன் குரலில் கோபமே இல்லை, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"லேசரப் பத்தி ஏம்லே சொல்லணும்? என் தப்புதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. அதுக்கு எவன் கையெழுத்து வாங்கினான்?"

எனக்கு இன்னும் ஒன்பது நாள் லீவு இருந்தது. பாத்திரக்கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை. அவன் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.